கயிற்றைக் கட்டியவன்

என் கொழுந்தன் ரோமனைப் பற்றிக் கேட்டால், விஸ்கான்சினின் வடகோடியில் இருக்கும் எங்கள் ஊரில் யாரும் இரண்டு வரிக்கு மேல் சொல்லமாட்டார்கள். காகித ஆலையில் முப்பத்தோரு வருடம் வேலை, கல்யாணம் இல்லை, வம்புதும்பு இல்லை. போன நவம்பர் வரைக்கும் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். கூடவே, "தங்கமான பையன், எல்லாத்துலயும் கவனம்" என்றும் சேர்த்திருப்பேன். எனக்கு வாய் நீளம். யாரைத் திட்டினாலும் புகழ்ந்தாலும் அளவு தெரியாது.

என் புருஷன் கேஸி அவனுக்கு மூத்தவர். மான் வேட்டை தொடங்கும் வாரம் வந்துவிட்டால் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் சோறு தண்ணி வேண்டாம். எங்கள் நிலத்துக்குப் பின்னால் ஓக் மரம் ஒன்றில் பதினைந்தடி உயரத்தில் பரண் கட்டியிருந்தார்கள். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறக்கூடாது என்பது எங்கள் பக்கத்தில் நண்டுசிண்டுக்குக்கூடத் தெரியும். வெறுங்கையோடு மேலே போய் உட்கார்ந்து, கயிற்றைக் கீழே விட்டு, கட்டிய துப்பாக்கியை இழுத்துக்கொள்ளவேண்டும். அதில் ஒரு தோட்டாகூட இருக்கக்கூடாது. குழலின் வாய் தரையைப் பார்த்துத் தொங்கவேண்டும். ஆனால் தரையில் பனி கிடந்தால் குழலுக்குள் அடைத்துக்கொள்ளும் என்று வாயை மேல்பக்கமாக வைத்துக் கட்டுவது எங்கள் ஆட்களின் கெட்ட பழக்கம். பயிற்சி வகுப்பில் கரடியாகக் கத்தினாலும் கேட்கமாட்டார்கள்.

பதினாலு வருடத்துக்கு முன்னால், வேட்டையின் இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை மதியம். மரத்தடியில் ரொட்டியும் சாசேஜும் தின்றுவிட்டுக் கேஸி மறுபடியும் பரணில் ஏறினார். ரோமன் கீழே நின்று கயிற்றைக் கட்டினான். துப்பாக்கி பாதி உயரம் போனபோது வெடித்தது. குண்டு அவருடைய தாடைக்குக் கீழே நுழைந்தது. ரோமன் பனியில் ஒன்றரை மைல் ஓடி வந்து என் வீட்டுக் கதவை இடித்தான். அவன் சட்டையெல்லாம் ரத்தம். அந்தச் சட்டையைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

இறந்தவர் தோட்டா இருந்த துப்பாக்கியைத் தன்னை நோக்கி இழுத்ததால் நேர்ந்த விபத்து என்று போலீஸ்காரர்கள் எழுதி முடித்தார்கள். ஊர் அதை இன்னும் சுருக்கிக்கொண்டது. ஒவ்வொரு வருடமும் தீயணைப்புப் படைக் கூடத்தில் நடக்கும் வேட்டை வகுப்பில், "கேஸி பண்ணிடாதீங்கடா" என்றால் சிரிப்பு. பியர் கடையில் எவனாவது கண்ணாடி டம்ளரைத் தவறவிட்டால்கூட, "என்னப்பா, கேஸி வேலை பண்ற?" என்பார்கள். நான் சண்டைக்குப் போயிருக்கவேண்டும். போகவில்லை. எனக்கு அவர்மேல் அவ்வளவு ஆத்திரம். பதினொரு வயது மகளை என் கையில் விட்டுவிட்டு, துப்பாக்கியின் அடியில் இருக்கும் லீவர்ப் பிடியைத் திறந்து தோட்டா இருக்கிறதா என்று பார்க்கச் சோம்பல்பட்டுச் செத்துப்போனாரே என்று வயிறு எரிந்தது. அவர் படத்தைக் கூடத்திலிருந்து எடுத்துப் பெட்டிக்குள் போட்டேன். மகளிடமே, "உங்கப்பனுக்கு நம்மள விட அவசரம் பெரிசாப் போச்சு" என்று சொல்லியிருக்கிறேன். என் பெற்றோருக்குப் பக்கத்தில் எனக்கென்று தனியாகக் கல்லறை இடம் வாங்கினேன். அவர் பக்கத்தில் படுக்கமாட்டேன் என்று பாதிரியாரிடமே சொன்னேன்.

ரோமன் அதற்கப்புறம் காட்டுப்பக்கம் போகவில்லை. ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் என் வீட்டுக்குச் சாப்பிட வருவான். வரும்போதே வண்டிக் கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பான். சாப்பிட்டுக் கிளம்புமுன் என் அடுப்பின் திருகுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பான். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வாய் சும்மா இருக்காது.

"உன் புத்தியில பாதி உங்கண்ணனுக்கு இருந்திருந்தா இன்னிக்கு இந்த நாற்காலியில உக்காந்திருப்பாரு" என்பேன்.

"உருளக்கெழங்கு நல்லாருக்கு அண்ணி" என்பான் தட்டைப் பார்த்தபடியே.

"பேச்ச மாத்தாத. நான் சொல்றது சரியா இல்லியா?"

"நீங்க சொன்னா சரிதான்."

போன இலையுதிர் காலத்தில் தீயணைப்புப் படைக்காரர்கள் புது வண்டிக்காகக் குலுக்கல் வைத்தார்கள். அதில் துப்பாக்கிதான் எப்போதும் பரிசு. நிலவறையில் துணி சுற்றிக் கிடந்த கேஸியின் துப்பாக்கி, அவர் தாத்தா காலத்து லீவர் துப்பாக்கி, எனக்குச் சனியனாகத் தெரிந்தது. தொலையட்டும் என்று கொடுத்துவிடத் தீர்மானித்தேன். ஞாயிறு சாப்பாடு முடிந்ததும் அதை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தேன்.

"ரோமன், காலியா இருக்கான்னு பாத்துச் சொல்லு. ஹார்லன் நாலு மணிக்கு எடுத்துட்டுப் போக வரான்."

ஹார்லன் தீயணைப்புப் படையின் தலைவர். ரோமன் துப்பாக்கியைக் கையில் எடுத்தான். லீவரைக் கீழே தள்ளித் திறந்தான். உள்ளே பார்த்தான். சுண்டுவிரலை விட்டுத் துழாவினான். குழலுக்கு அடியில் தோட்டா போடும் குழாயையும் சோதித்தான். ஒன்றும் இல்லை. ஆனால் திறந்த லீவரைப் பிடித்தபடியே நின்றான்.

"காலிதான? மூடு. துணியில சுத்தணும்."

"மூட மாட்டேன் அண்ணி."

"என்ன, சின்னப் பிள்ளையாட்டம்? மூடுன்னா மூடு."

"அன்னிக்கு மூடினேன். அதான்."

உட்கார்ந்துகொண்டான். நான் நின்றுகொண்டிருந்தேன். அவன் சொல்ல ஆரம்பித்தான்.

"குழலுக்குள்ள அண்ணன் தோட்டா வச்சிருக்கல. கீழ குழாயில மட்டும் அஞ்சு இருந்துச்சு. பாதிப் பேரு அப்படித்தான வைக்கிறோம். நான் கயிறு கட்டறதுக்கு முன்னாடி லீவரத் தொறந்து பாத்தேன். ஒண்ணும் இல்ல. மூடினேன்."

"பாத்துட்டுத்தான மூடின? அப்புறம் எப்படி?"

"மூடறப்பதான் அண்ணி அது குழாயிலேருந்து ஒண்ண எடுத்து உள்ள தள்ளும். என் துப்பாக்கி வேற மாதிரி, இத அண்ணன் யாரையும் தொட விடமாட்டான். காலியான்னு பாக்கப்போயி நாந்தான் நெரப்பி வச்சேன். மேல போறப்ப ஒரு கிளைக்கட்டை விசையில மாட்டுச்சு."

என் வாய்க்கு வந்தது ஒரே கேள்விதான்.

"அவரு ஒரு வார்த்தை கேக்கலியா?"

"கேட்டான். 'காலியா?'ன்னான். 'காலி'ன்னேன். கயித்தக் கையில எடுத்துட்டு, 'நல்லாப் பாத்தியாடா?'ன்னான். 'பாத்தேண்ணே, இழு'ன்னேன்."

இரண்டு தடவை கேட்டிருக்கிறார். கடவுளே, இரண்டு தடவை. குழாயில் தோட்டாவை விட்டது அவர் தப்புத்தான், குழல் வாயை மேலே வைத்துக் கட்டவிட்டதும் தப்புத்தான். ஆனால் சோம்பல்பட்டுச் சாகவில்லை. கூடப்பிறந்தவனைக் கேட்டு, அவன் சொன்ன பதிலை நம்பி இழுத்திருக்கிறார்.

"பதினாலு வருஷம்!" என்று கத்தினேன். "என் கையால தின்னுட்டு, நான் அந்த மனுஷனக் கரிச்சுக் கொட்டினப்பல்லாம் கல்லு மாதிரி உக்காந்திருந்தியே பாவி!"

"போலீஸ் கேட்டப்ப எனக்கே தெரியாது. ஒரு வாரம் கழிச்சு ஆலையில மிஷின் ஒண்ணத் தள்ளிட்டு அடுத்தத உள்ள இழுக்கறதப் பாத்து நிக்கறப்பதான் வெளங்குச்சு. அதுக்கப்புறம் நீங்க அவனத் திட்டறப்பல்லாம், என்னத்தான் திட்டறீங்கன்னு எடுத்துக்கிட்டேன். அத வாங்கிக்கத்தான் ஞாயித்துக்கெழம தவறாம வந்தேன்."

"நீ எடுத்துக்கிட்டா ஆச்சா? விழுந்தது பூரா அவர் மேலல்ல?"

அவனை அடிக்கக் கை ஓங்கினேன், அடிக்கவில்லை. ஹார்லன் வந்து கதவைத் தட்டியபோது, துப்பாக்கி கிடையாது போ என்று அனுப்பிவிட்டேன். ரோமனிடம், "தீயணைப்புக் கூடத்துல உங்கண்ணன் பேரச் சொல்லிச் சிரிச்சவன் அத்தன பேரு முன்னாடியும் நீ சொல்லணும். இல்லன்னா என் வாசப்படி மிதிக்காத" என்றேன்.

அடுத்த ஞாயிறு மதியம் குலுக்கல். இருநூறு பேர் இருந்திருப்பார்கள். வறுத்த மீனும் பியருமாகக் கூடம் இரைந்துகொண்டிருந்தது. ரோமன் ஹார்லனிடமிருந்து மைக்கை வாங்கினான். "எங்க அண்ணன் 'காலியா'ன்னு ரெண்டு தடவ கேட்டான். நான் காலின்னு சொன்னேன். அது காலி இல்ல. நாந்தான் லீவர ஆட்டித் தோட்டாவ உள்ள ஏத்திவிட்டேன். இனிமே அவன் பேரச் சொல்லாதீங்க, என் பேரச் சொல்லுங்க" என்றான். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதன் பொத்தான் அணைந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. ஹார்லன் மட்டும் அவன் முதுகில் கை வைத்து, "தெரிஞ்சா பண்ணின, விடுப்பா" என்றார். மற்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். அந்த வழியாக நாங்கள் இரண்டு பேரும் வெளியே வந்தோம்.

வண்டியில் ஏறியதும் எனக்கு நெஞ்சு ஆறும் என்று நினைத்திருந்தேன். கேஸியின் பேர் கழுவப்பட்டாயிற்று. ரோமன் சாவியைப் போடாமல் ஸ்டியரிங்கில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.

"ஒண்ணு கேக்கட்டுமா அண்ணி?"

"கேளு."

"அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு நீங்க ஏன் எங்கிட்ட ஒரு தடவகூடக் கேக்கல? கேட்டா சொல்லிடணும்னு ஒவ்வொரு ஞாயிறும் மனசுக்குள்ள சொல்லிட்டுத்தான் வருவேன். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அவன் குற்றம் சாட்டவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். போலீஸ் காகிதத்தில் ஒரு வரி படித்தேன், என் புருஷன் அப்படித்தான் என்று முடிவுகட்டிவிட்டேன். அங்கே நின்றிருந்த ஒரே ஆள் எழுநூறு ஞாயிறு என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான். உருளைக்கிழங்குக்கு உப்புப் போதுமா என்று அவனிடம் கேட்டிருக்கிறேன். அதை மட்டும் கேட்கவில்லை.