வாண்டாவைப் பற்றி நாற்பத்து மூன்று கட்டுரைகள்

வாண்டா நோவிக் இதுவரை நான்கு முறை செத்திருக்கிறாள். இரண்டு முறை புற்றுநோய், ஒரு முறை பனிப்புயல், ஒரு முறை காரணமே சொல்லப்படவில்லை. எல்லாம் காகிதத்தில்தான்.

மாசசூசெட்ஸில் பெயர்பெற்ற ஒரு பல்கலைக்கழக விடுதியைப் பத்தொன்பது வருடமாகக் கூட்டித் துடைப்பவள் அவள். ஜூலை பிறந்தால் பள்ளிப் பிள்ளைகள் மூன்று வாரக் கோடை வகுப்புக்கு வந்து இறங்குவார்கள். இங்கே வந்து போனால் பின்னால் இதே பல்கலைக்கழகத்தில் இடம் நிச்சயம் என்று அவர்களைப் பெற்றவர்களுக்கு ஒரு நினைப்பு. கல்லூரியில் இடம் கேட்டு விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டிய கட்டுரைக்கு முதல் வாரமே பயிற்சி நடக்கும். உங்களை மாற்றிய ஒரு சாதாரண மனிதரைப் பற்றி எழுதுங்கள் என்பார் ஆசிரியர். அந்தக் கட்டடத்தில் சாதாரண மனிதராக அகப்பட்டது வாண்டா ஒருத்திதான்.

அவ்வளவுதான். மாணவி ஒருத்தி அவள் வாளியை வாங்கிப் பத்தடி தூக்கிக்கொண்டு நடந்துவிட்டு, கண்கள் பனிக்க, "வாழ்க்கையில நீங்க இழந்தது என்ன?" என்று கேட்டாள்.

"மூணாவது மாடிச் சாவி. கண்ணுல பட்டாக் குடு."

வாண்டாவின் ஒரே மகள் டெஸ்ஸுக்கு அது பள்ளியில் கடைசி வருடம். கோடை முழுவதும் ஏரிக்கரைக் கடையில் ஐஸ்கிரீம் அள்ளிக் கொடுத்தாள். அம்மா வேலை செய்யும் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் ஊழியர் மகளுக்குக் கட்டணம் கிடையாது. கிடைக்காவிட்டால் ஆயுசுக்கும் அந்த ஐஸ்கிரீம் கரண்டிதான். ராப்பகலாக உட்கார்ந்து தன் கட்டுரையை எழுதி முடித்தாள், அம்மாவைப் பற்றி. படித்த வாண்டா, வெங்காயம் நறுக்காமலே அழுதாள்.

அக்டோபரில் ஒருநாள், விண்ணப்பங்களைப் படிக்கும் சேர்க்கை அலுவலகத்துப் பிரிசில்லா ஹார்லன் விடுதிப் படியேறி வந்தாள். வாண்டாவின் சட்டையில் தைத்திருந்த பெயரைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க உயிரோடவா இருக்கீங்க?"

போன வருடம் மட்டும் வாண்டாவைப் பற்றி நாற்பத்து மூன்று கட்டுரைகள் வந்தனவாம், சிலவற்றில் அவள் செத்தே போயிருந்தாளாம். இப்போதெல்லாம் விடுதி, வாளி, வாண்டா என்று கண்ணில் பட்டாலே அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுகிறார்களாம்.

"அந்த நாப்பத்து மூணுல எத்தனை பேர் உள்ள வந்தாங்க?"

"ஒரே ஒருத்தி. வயலின்ல ஏற்கெனவே பேர் வாங்கின பொண்ணு. கட்டுரையைப் பாத்துச் சேக்கல."

"அப்ப இந்தக் கோடை வகுப்பு?"

"பணம் கட்டினா யாரு வேணாலும் வரலாம் வாண்டா. நாங்க அதை ஒரு பொருட்டாவே எடுத்துக்கறதில்ல."

வாண்டாவின் கையிலிருந்த துடைப்பம் சரிந்து விழுந்தது. மகளின் கட்டுரையிலும் விடுதி இருந்தது, வாளி இருந்தது.

வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் டெஸ் காகிதத்தை நான்காகக் கிழித்தாள். "எங்கம்மாவையே என்கிட்டேர்ந்து புடுங்கிட்டுப் போயிட்டாங்களே" என்று மேசையில் கவிழ்ந்தாள். வாண்டாவின் வாய் சும்மா இருக்கவில்லை.

"அவங்க தூக்கிட்டுப் போனது செத்துப்போன புண்ணியவதியை. அவ போய்த் தொலையட்டும். உசுரோட ஒருத்தி இங்க நிக்கிறேன்ல? என்னை எழுதுடி. உன் பொறந்தநாளை மறந்துட்டு பந்தை உருட்டிக் கட்டையைச் சாய்க்கிற பௌலிங் ஆடப் போனேனே, அதை எழுது."

டெஸ் எழுதினாள். 'என் அம்மா எனக்கு எதையும் கற்றுத் தரவில்லை' என்று தொடங்கினாள். மறந்த பிறந்தநாளை எழுதினாள். கோடைப் பிள்ளைகள் வாளி தூக்கும் அழகை அம்மா சமையலறையில் நடித்துக் காட்டும்போது தனக்குச் சிரிப்பும் வந்தது, அடிவயிற்றில் ஒரு பொறாமையும் வந்தது என்று எழுதினாள்.

மார்ச் கடைசியில் பதில் வந்தது. இடம் கொடுத்திருந்தார்கள். அடியில் பிரிசில்லாவின் கையெழுத்தில் ஒரு வரி: "உங்கள் அம்மா உயிரோடு இருப்பதை இப்போதுதான் நம்புகிறேன்."

மறுபடி ஜூலை வந்தது. கோடை வகுப்புப் பெண் ஒருத்தி வாளியின் மேல் கைவைத்தாள். வாண்டா அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"என்னை எம் பொண்ணு எழுதிட்டா. நீ வேற ஆளைப் பாரு."