ஒன்பதாம் சுற்றைப் பார்க்காதவர்கள்

எங்கள் குடும்பத்தில் ஒரு பெண் பிள்ளை என்ன பழகலாம் என்பதை லண்டன் அத்தான்தான் சொல்ல வேண்டும். அத்தான் என் கணவரின் மூத்த அண்ணன். பரதநாட்டியத்துக்கு அவர் உடனே சம்மதித்தார். நீச்சலுக்குத் தொலைபேசியில் ஒரு பெருமூச்சு விட்டார், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். எட்டு வயது மகள் குத்துச்சண்டை பழகப்போகிறேன் என்றபோது என் கணவர் யோசிக்கவே இல்லை. "அண்ணையிட்டைக் கேப்பம். பிரிட்டிஷ்காரன்ரை மிடில்வெயிட் முழுக்க அவருக்குப் பாடம்," என்றார்.

பாரிசின் புறநகரான பொண்டியில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் விளையாட்டு மண்டபத்தில் புதன்கிழமைகளில் சிறுபிள்ளைகளுக்குப் பழக்குகிறார்கள். பெற்றோரின் சம்மதப் படிவம் இரண்டு வாரமாக என் கைப்பையில் கிடந்தது. வருகிற புதன் கொடுக்காவிட்டால் அவளுடைய இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். தினமும் அதை எடுத்து வாசித்துவிட்டு மடித்து வைத்தேன். கையெழுத்து வைத்தபின் அவள் தலையில் அடிபட்டால் வாழ்நாள் முழுக்க என்னைத்தான் கேட்பார்கள். வைக்காவிட்டால் அவள் ஒருத்திதான் கேட்பாள், ஆனால் அவளுக்கு நான் பதில் சொல்ல முடியாது.

அந்த ஞாயிறு அத்தான் லண்டன் ரயிலில் வந்திறங்கினார். பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு கொத்து ரொட்டிக் கடையில் கூடினோம். கணவர் பிரான்சுக்கு வந்த புதிதில் அவரோடு ஒரே அறையில் இருந்த நண்பரும் வந்திருந்தார். மிடில்வெயிட் என்றால் எழுபத்திரண்டரைக் கிலோவுக்குள் நிற்க வேண்டுமாம். அந்த மேசையில் அந்த எடைக்குள் வரக்கூடியவர்கள் நானும் மகளும்தான். கொத்து வருவதற்கு முன்பே ஆண்கள் மூவரும் தொடங்கிவிட்டார்கள்.

ஆங்கிலப் பெயர்கள் வாயில் நுழையாததால், அந்தப் பழைய வீரர்களுக்கு இவர்கள் தாங்களே பெயர் வைத்திருந்தார்கள். ஒருவன் மீசை, இன்னொருவன் இடக்கையன்.

"மீசைக்குக் கையிலை இடி இருந்தது. காலிலைதான் ஒண்டுமில்லை," என்றார் கணவர்.

"கால் என்னத்துக்கு, அவன் என்ன றேசுக்கோ போறான்?" என்றார் நண்பர்.

"உங்கள் ரெண்டு பேருக்கும் விளங்காது," என்றார் அத்தான். "மீசைக்கு நாடி முட்டைக்கோது. தொட்டால் விழுவான். இடக்கையன்தான் ஆம்பிளை. அவன் தோத்தவன் இல்லை, தோற்கடிக்கப்பட்டவன். ஒன்பதாவது ரவுண்ட் முடிய, அவனைப் பழக்கின கிழவன் மூலையிலை நிண்டு பயந்து, சண்டை போதுமெண்டு துவாயை எறிஞ்சிட்டான். இன்னும் ரெண்டு ரவுண்ட் விட்டிருந்தால் எதிர்த்து நிண்ட அந்த அமெரிக்கன் விழுந்திருப்பான்."

"பேடியன்," என்றார் நண்பர், கிழவனைப் பற்றி.

"பேடியனேதான்," என்றார் என் கணவர். தன் மகளுக்கு ஊசி போடும்போது மருத்துவரின் அறைக்கு வெளியே நின்றவர் அவர்.

இதே வழக்கை நான் கல்யாணமான நாளிலிருந்து கேட்டு வருகிறேன். சாட்சிகளும் தீர்ப்பும் மாறுவதில்லை. அன்று மட்டும் அந்தத் தீர்ப்பு என் பிள்ளையின் தலையில் வந்து இறங்கப்போகிறது என்பதால் கவனமாகக் கேட்டேன். மகளும் கேட்டுக்கொண்டிருந்தாள். "எ அப்ரே?" என்றாள். பிறகு என்ன நடந்தது என்று கேட்கிறாள்.

"பிறகென்ன குஞ்சு, முடிஞ்சுது," என்றார் பெரியப்பா.

எனக்கு ஏனோ அவள் கேள்வியை விட மனமில்லை. "அத்தான், அந்த ஒன்பதாவது ரவுண்டை நீங்கள் பாத்தனீங்களோ?"

அவர் தண்ணீர் குடித்தார். நண்பர்தான் சிரித்துக்கொண்டே உண்மையைச் சொன்னார். "எங்கை தங்கச்சி பாக்கிறது. எட்டு ரவுண்ட் முடிய ஆலாத்தி எல்லோ."

விஷயம் இதுதான். அந்தச் சண்டையை அத்தான் வீட்டில் ஒளிநாடாவில் பதிவுசெய்து வைத்திருந்தார்கள். அத்தானின் மூத்த மகள் வயதுக்கு வந்த சாமத்திய வீட்டுச் சடங்கைப் பிரான்ஸ் உறவுகளுக்கு அனுப்புவதற்கு அவருடைய மனைவி வெற்று நாடா தேடியிருக்கிறார். கிடைக்காததால், இதிலேயே பாதியில் தொடங்கிப் பதித்து அனுப்பிவிட்டார். லா சப்பல் அறையில் இருந்த ஆண்கள் அதைத் தேயத் தேயப் பார்த்தார்கள். இடக்கையன் புருவத்தில் இரத்தத்தோடு எழும்பி வருவான், உடனே பட்டுச் சேலைகளும் விளக்கேற்றிய ஆலாத்தித் தட்டுகளும் வந்துவிடும்.

"நீங்கள் ரீவியிலையாவது பாத்திருப்பீங்கள்தானே, அண்ணை?" என்று என் கணவர் கேட்டார். இருபத்தைந்து வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டார்.

"எனக்கு அண்டைக்குப் பெற்றோல் செட்டிலை வேலை. கூட வேலை செய்த வெள்ளைக்காரன் சொன்னவன்," என்றார் அத்தான். பிறகு என் பக்கம் திரும்பினார். "பிள்ளைக்கு இது வேண்டாம். வீணையைப் பழக்கும்."

திங்கட்கிழமை வேலையிடத்தில் சாப்பாட்டு நேரத்தில், கைப்பேசியில் அந்தச் சண்டையைத் தேடினேன். ஐந்து நிமிடத்தில் கிடைத்தது. இத்தனை வருடத்தில் இந்த ஐந்து நிமிடத்தைச் செலவழிக்க மூன்று ஆண்களுக்கும் தோன்றவில்லை. ஒன்பதாம் சுற்று முடிந்து மணி அடிக்கிறது. இடக்கையன் எதிராளியின் மூலைக்கு நடந்துபோய், அங்கே உட்கார இடம் தேடுகிறான். கிழவர் ஓடிப்போய் அவனை இழுத்து வருகிறார். அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து ஏதோ கேட்கிறார். அவன் சொல்லும் பதில் நமக்குக் கேட்பதில்லை. அதைக் கேட்டவுடன் கிழவர் துவாயை எறிந்துவிடுகிறார். அவன் அவரைத் தள்ளுகிறான். கூட்டம் கூச்சலிடுகிறது. அவர் அசையவில்லை.

என் சோற்றுப் பெட்டியைத் திறக்காமலே பைக்குள் வைத்தேன். பார்த்தபின் பயம் குறையவில்லை, கூடியது. ஆனால் என்ன கேட்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டது.

புதன்கிழமை வேலைக்கு லீவு போட்டு மண்டபத்துக்குப் போனேன். அங்கே பயிற்சியாளராக நின்றது நாற்பது வயதுப் பெண். கேள்வியைப் பிரெஞ்சில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். பிள்ளை நிறுத்தமாட்டேன் என்றால், நான் வேலையில் இருந்தால், யார் நிறுத்துவார்கள்?

"நான்தான்," என்றாள் அவள். "இந்த வயதில் தலையில் அடிக்கவே விடமாட்டோம், உடம்பில் மெல்லத் தொடுவது மட்டும்தான். அதையும் நிறுத்தியிருக்கிறேன். நிறுத்தினால் பிள்ளைகள் அழுவார்கள், தகப்பன்மார் என்னைத் திட்டுவார்கள். உங்கள் கணவர் திட்டுவாரா?"

"திட்டுவார்," என்றேன். "வீட்டில் இருந்துகொண்டு."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவளுடைய மேசையிலேயே கையெழுத்து வைத்தேன். லண்டனுக்குத் தொலைபேசி எடுக்கவில்லை. ஒருவருடைய கையெழுத்துப் போதும் என்று படிவத்தில் எழுதியிருந்தது. அதையும் மூன்று தடவை வாசித்தேன்.

கணவருக்கு அன்று மாலை சமையலறையில் சொன்னேன். "அண்ணை வேண்டாமெண்டெல்லோ சொன்னவர்," என்றார்.

"அண்ணை ஒரு ரவுண்டும் பாக்கேல்லை. நீங்கள் எட்டுத்தான் பாத்தனீங்கள்," என்றேன். "நான் ஒன்பதும் பாத்திட்டன்."

அவர் என் கைப்பேசியை வாங்கிக்கொண்டு வெளி அறைக்குப் போனார். அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து கைப்பேசியை மேசையில் வைத்தார். "புதன்கிழமை எத்தினை மணிக்குக் கொண்டுபோய் விடோணும்?" என்று கேட்டார்.

அடுத்த ஞாயிறு லண்டனில் இருந்து அழைப்பு வந்தது. ஒலிபெருக்கியில் அத்தானின் குரல் கேட்டது. "பிள்ளையைச் சேத்தாச்சாம் எண்டு கேள்விப்பட்டன். ஆர் சம்மதம் குடுத்தது?"

கணவர் என்னை ஒருமுறை பார்த்தார். "நாங்கள்தான் அண்ணை."

நாங்களாம். பயத்தில் தூக்கமில்லாமல் படிவத்தை மடித்து விரித்தது, கேள்வி எழுதிக்கொண்டு போனது, பேனா எடுத்தது எல்லாம் நாங்கள். திருத்தலாம் என்று வாயெடுத்தேன். புதன்கிழமைகளில் நான் வேலையில் இருக்கும்போது அவளைக் கூட்டிக்கொண்டு போக ஒரு ஆள் வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. விட்டுவிட்டேன்.