எட்டாம் தலைமுறை வண்டுகள்

கென்ட் நகரத்துக்குத் தெற்கே, மெரல்பேகேயில் உள்ள ஒரு பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் லுட்கார்ட் பத்தொன்பது வருடமாக வண்டு வளர்த்துவந்தாள். உருளைக்கிழங்குச் செடியைத் தின்று வெறும் குச்சியாக்கிவிடும் மஞ்சள் வண்டு; முதுகில் பத்துக் கறுப்புக் கோடு. விவசாயிகள் அதை ஒழிக்கப் படாத பாடு படுகிறார்கள். அவளுடைய வேலை அதைக் கொழுக்க வைத்து, முட்டையிட வைத்து, பொரித்த புழுக்களை எண்ணி ஆராய்ச்சியாளர்கள் கையில் கொடுப்பது. அவர்கள் அதன்மேல் புது மருந்துகளைச் சோதித்துப் பார்ப்பார்கள்.

வண்டுக்கு ஞாயிறும் தெரியாது, கிறிஸ்துமஸும் தெரியாது. தினமும் புது இலை வேண்டும். அதனால் லுட்கார்ட் தினமும் சைக்கிளில் போனாள். பத்தொன்பது வருடத்தில் அவள் வெளியூரில் தங்கிய நாட்களை எண்ணிவிடலாம். ஆராய்ச்சிக்கு வரும் இளைஞர்கள் மூன்று வருடம் இருப்பார்கள், கேக் வெட்டுவார்கள், வேறு நாட்டுக்குப் போய்விடுவார்கள். அவர்களை வழியனுப்பும் அட்டைகளில் முன்பெல்லாம் நாலு வரி எழுதுவாள். இப்போது "நல்லா இருங்க" என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடுகிறாள்.

வண்டுகளோடு பேசுவீர்களா என்று சிலர் கேட்பார்கள். அவள் பேசியதே இல்லை. பேச என்ன இருக்கிறது?

கணவன் ஃபிர்மின் இறந்து ஏழு வருடம். பிள்ளைகள் இல்லை. வீட்டில் வானொலி சமையலறையில் ஓடிக்கொண்டே இருக்கும்; யாரோ பேசிக்கொண்டிருந்தால் போதும் அவளுக்கு.

பழைய மருந்துகள் எப்படிக் கொல்லும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். பட்ட சிறிது நேரத்தில் புழு துடிக்கும், சுருளும், விழும். ஆர்.என்.ஏ. கரைசல் என்ற புது மருந்து வந்தபோது அது வேறு மாதிரி இருந்தது. பார்வைக்கு வெறும் தண்ணீர். அதில் நனைத்த இலையைப் புழு ஆசையாகத் தின்னும். மூன்றாம் நாள் வரைக்கும் ஒன்றும் ஆகாது. நான்காம் நாள் இலை பக்கத்திலேயே இருக்கும், புழு தலையைத் திருப்பிக்கொள்ளும். பிறகு ஒரு வாரத்துக்குள் ஓசையில்லாமல் செத்துக் கிடக்கும். பக்கத்துப் பெட்டியில் அதே கரைசலைக் குடித்த பொறிவண்டுகளுக்கும் தேனீக்களுக்கும் ஒரு கேடும் வராது.

ஃபிர்மினும் கடைசி இரண்டு வாரம் கரண்டியைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டான். முதல் சோதனையின்போது லுட்கார்ட் குறிப்பேட்டில் "தின்னவில்லை" என்று எழுதிவிட்டு, பேனாவை மூடி வைத்து, வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

தங்கை ரோசானின் கணவன் நோர்பெர்ட், போப்பரிங்கே ஊர்ப் பக்கம் உருளைக்கிழங்கு போடுகிறவன். அவன் தெளித்துவந்த மருந்துகளில் பாதியை அரசு தடை செய்துவிட்டது. மீதிப் பாதிக்கு வண்டு சாவதில்லை. இந்தப் புது மருந்துக்காகத்தான் காத்திருந்தான். தொலைபேசியில் ஒருநாள் ரோசான் கேட்டாள்.

"அக்கா, அது உள்ள போய் என்னதான் பண்ணுது? எனக்குப் புரியற மாதிரி சொல்லேன்."

"ஓட்டல்ல ஆர்டர் எடுக்கறவன் வாயைக் கட்டிட்டா என்ன ஆகும்? சமையல்காரன் இருக்கான், அடுப்பு எரியுது, ஆனா சாப்பாடு மட்டும் வராது. அந்த மாதிரி. உடம்புக்கு வேணுங்கற ஒண்ணைச் செய்யச் சொல்ற சேதி போய்ச் சேராது. இந்த வண்டோட சேதியை மட்டுந்தான் அது நிறுத்தும்."

"அப்போ நம்ம வயித்துக்குள்ள போனா?"

"நம்ம சேதி வேற. செரிச்சுப் போயிடும்."

ரோசானுக்கு முழுசாக நம்பிக்கை வரவில்லை. நோர்பெர்ட்டுக்கு வந்துவிட்டது.

நிலையத்தில் இன்னொரு கேள்வியும் இருந்தது. இந்த மருந்துக்கும் வண்டு பழகிவிடுமா? அதைப் பார்க்க ஒரு தனிக் கூண்டு. மருந்தில் தப்பிய ஒன்றிரண்டு புழுக்களை மட்டும் வளர்த்து, அவற்றின் குஞ்சுகளுக்கு மறுபடி அதே மருந்து. அதிலும் தப்பியவற்றின் குஞ்சுகளுக்கு மறுபடியும். ஒரு தலைமுறைக்கு ஆறு வாரம். பல வருடம் பிடிக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

எட்டாம் தலைமுறையில், மார்ச் மாதக் கடைசியில், நூறு புழுக்களில் அறுபத்து மூன்று நான்காம் நாளும் தின்றுகொண்டிருந்தன.

லுட்கார்ட் இரண்டு முறை எண்ணினாள். ஆராய்ச்சிக்குப் பொறுப்பாக இருந்த வானஸை அழைத்து வந்து காட்டினாள். வானஸுக்கு முப்பத்தொரு வயது. நல்ல பையன்தான், ஆனால் ஈஸ்டர் முடிந்ததும் பெரிய கூட்டத்தில் இந்த மருந்தைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. கூண்டுக்குள் வெகுநேரம் பார்த்தான்.

"லுட்கார்ட், தட்டு மாறியிருக்குமோ? மருந்து இலைக்குப் பதிலா தண்ணி இலையை வச்சிருப்பீங்க."

"மாறலை."

"இல்ல, யாருக்கும் நடக்கும். தப்பா எடுத்துக்காதீங்க."

"எனக்கு நடக்கலை, வானஸ்."

"சரி, சரி. இந்தக் கணக்கை இப்போதைக்கு ஓரமா வச்சிடுவோம். நான் லீவு முடிஞ்சு வந்ததும் திரும்பப் பண்ணலாம்."

அவன் தோழியோடு ஆர்டென் மலைக்குக் கிளம்பிப் போனான். லுட்கார்ட் அன்று மதியம் உணவகத்தில் சூப்பை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தாள். பத்தொன்பது வருடத்தில் ஒரு தட்டு மாறியதில்லை. அதை அறிந்தவர்கள் எல்லோரும் கேக் வெட்டிவிட்டுப் போய்விட்டார்கள். சாட்சி சொல்ல ஒருவரும் இல்லை.

ஈஸ்டருக்கு முந்திய புனித வாரத்துப் புதன்கிழமை அவளே சோதனையைத் தொடங்கினாள். நாற்பது சிறு தட்டுகள். இருபதில் சாதாரணப் புழு, இருபதில் எட்டாம் தலைமுறைப் புழு. எல்லாவற்றுக்கும் ஒரே கிண்ணத்து மருந்தில் நனைத்த இலை. மூடிய தட்டுகளை ஒரு வண்டியில் அடுக்கித் தள்ளிக்கொண்டு வாசலுக்குப் போனாள். அங்கே காவலாளி எர்டால் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கென்ட்டில் பிறந்த துருக்கிக்காரர்; ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம்.

"எர்டால், எனக்கு ஒரு உதவி. நான் வெளியே போய் நிக்கறேன். நீங்க இதையெல்லாம் கலைச்சு அடுக்கி, அடியில இருக்கற பேர்ச் சீட்டைக் கிழிச்சுட்டு எண் ஒட்டுங்க. எந்த எண்ணு எந்தப் புழுன்னு ஒரு தாள்ல எழுதி உங்க பெட்டியில வச்சுப் பூட்டிடுங்க. எனக்குக் காட்டவே கூடாது."

"சீட்டுக் கலைக்கறதுன்னா சொல்லுங்க, புழுவைப் போய்க் கலைக்கச் சொல்றீங்களே!"

"மூடியைத் திறக்க வேண்டாம்."

"திறப்பேனா நான்? சரி, போய் நில்லுங்க. எட்டிப் பாக்கக் கூடாது."

அவள் தூறலில் சைக்கிள் கொட்டகைக்குக் கீழே நின்றாள். உள்ளே எர்டால் தனக்குத்தானே எண்ணிக்கொள்வது கேட்டது.

ஈஸ்டர் ஞாயிறு நான்காம் நாள். காலையிலேயே ரோசான் அழைத்தாள்.

"அக்கா, ஆட்டுக்கறி அடுப்புல இருக்கு. ரயிலைப் பிடிச்சு வந்துடு, நோர்பெர்ட் ஸ்டேஷனுக்கு வருவார்."

"இன்னைக்கு முடியாது, ரோசான். எண்ணணும்."

"போன வருஷமும் இதையே சொன்ன."

பின்னாலிருந்து நோர்பெர்ட் குரல் வந்தது. "வண்டுகளையும் கூட்டிட்டு வரச் சொல்லு! ஆனா வயல்ல இன்னும் செடி முளைக்கலை, வந்தாலும் பட்டினிதான்!"

ரோசான் சிரிக்கவில்லை. "உனக்கு நாங்க வேண்டாமா, இல்ல மனுஷங்களே வேண்டாமா? ஒரு நாள் தள்ளிப் போட்டா என்ன?"

"ஒரு நாள் தள்ளிப் போட்டா கணக்கு நிக்காது."

"சரி. எண்ணு, எண்ணிட்டே இரு." தொடர்பு துண்டிக்கப்பட்டது.

லுட்கார்ட் எண்ணினாள். நாற்பது தட்டுகளையும் ஒவ்வொன்றாக விளக்கின் கீழ் வைத்து, தின்றது, தின்னாதது என்று குறித்தாள். கட்டடத்தில் வேறு யாரும் இல்லை. மதியத்துக்குச் சீஸ் வைத்த ரொட்டி இரண்டு துண்டு கொண்டுவந்திருந்தாள். ஒன்றைத்தான் தின்ன முடிந்தது.

பத்தாம் நாள் சனிக்கிழமை சோதனை முடிந்தது. திங்கட்கிழமை வானஸ் வெயிலில் சிவந்த மூக்கோடு வந்தான். அவள் ஒன்றும் விளக்காமல் அவனை எர்டாலிடம் கூட்டிப்போனாள். எர்டால் பெட்டியைத் திறந்து தாளை வானஸின் கையில்தான் கொடுத்தார். வானஸ் அதை அவளுடைய பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்து விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். சாதாரணப் புழு இருந்த இருபது தட்டிலும் அநேகமாக எல்லாம் செத்திருந்தன. எட்டாம் தலைமுறைத் தட்டுகளில் பாதிக்கு மேல் உயிரோடு இருந்தன.

அவன் காதுமடல் சிவந்தது.

"நான் உங்களை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

"ஆமா," என்றாள் லுட்கார்ட்.

எர்டால் தேநீர்க் கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கூட்டத்தில் வானஸ் உள்ளதை உள்ளபடி சொன்னான். மருந்து நல்லது, ஆனால் அதை மட்டும் நம்பித் தெளித்துக்கொண்டே இருந்தால் வண்டு பழகிவிடும். பயிரை மாற்ற வேண்டும், வேறு வழிகளோடு மாற்றி மாற்றித் தெளிக்க வேண்டும். திரையில் காட்டிய கடைசிப் படத்தில் லுட்கார்டின் பெயரையும் போட்டதாக வந்து சொன்னான். நோர்பெர்ட் செய்தி கேட்டு அவளை அழைத்தான்.

"அப்போ இதுவும் ஊத்திக்கிச்சா?"

"ஊத்திக்கலை. இதை மட்டுமே பிடிச்சுத் தொங்காதேன்னு சொல்றோம்."

"நீ வாயைத் திறக்காம இருந்திருந்தா இன்னும் கொஞ்ச நாள் நிம்மதியா இருந்திருப்பேன்," என்று சொல்லிவிட்டு, சிறிது கழித்து, "நல்லதுதான் பண்ணினே," என்றும் சொன்னான். ரோசான் தொலைபேசிக்கு வரவில்லை.

எட்டாம் தலைமுறை வண்டு ஒன்றுகூட வெளியே பறந்துவிடக் கூடாது என்று மேலிடத்தில் முடிவு செய்தார்கள். கட்டடத்தின் பின்பகுதியில் ஜன்னல் இல்லாத ஓர் அறையை ஒதுக்கினார்கள். இரட்டைக் கதவு, நடுவில் உடை மாற்றும் இடம், கைபேசி கொண்டுபோகக் கூடாது. சாவி ஒரே ஒருவரிடம்தான் இருக்க வேண்டும். யாரிடம் என்று யாரும் விவாதிக்கவில்லை.

கோடையில் வானஸுக்கு ஹாலந்தில் வேலை கிடைத்தது. கேக் வெட்டும்போது அவன் அவளை இறுகக் கட்டிக்கொண்டான். அவனுக்குப் பதிலாக இன்னும் யாரும் வரவில்லை.

ஆகஸ்ட் மாதத்து ஒரு ஞாயிறு. லுட்கார்ட் உடை மாற்றி, இரண்டு கதவையும் சாத்திக்கொண்டு உள்ளே போனாள். பதினொன்றாம் தலைமுறைப் புழுக்கள் மருந்து இலையைச் சும்மா இலைபோலத் தின்றுகொண்டிருந்தன. காதைக் கிட்டே கொண்டுபோனால் அந்தக் கடிக்கும் சத்தம் கேட்கும். கொஞ்சம் கேட்டாள். பழைய இலையை எடுத்தாள், புது இலையை வைத்தாள், எண்ணி எழுதினாள். வெளியே வந்து மறுபடி உடை மாற்றி, சைக்கிளை எடுத்தபோது மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையில் இன்னும் நிறைய மிச்சம் இருந்தது.