ஹுவானின் திருவலைகள்

ஹுவான் காலமான செய்தியை அவருடைய மனைவி தொலைபேசியில் சொன்னபோது நான் ஒரு இரும்புக் கேற்றுக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டு மிச்சத் துளைகளையும் போட்டு முடித்தேன்.

லண்டன் லூயிஷாமில் ரயில் பாலத்தின் கீழிருந்த பட்டறையில் ஒன்பது வருடம் பக்கத்துப் பக்கத்து உலைகளில் நின்றோம். அவர் குவாம் தீவின் சமோரோ இனத்தவர். கப்பல் வேலைக்கு வந்து, இங்கே கல்யாணம் செய்து தங்கியவர். நான் சாவகச்சேரிக் கொல்லர் குடும்பத்தில் பிறந்து ஜெர்மனி வழியாக வந்தவன். இதை வாசிக்கும் உங்களில் பலர் என்னை அவருடைய நண்பன் என்று நினைத்தீர்கள். நான் அவர்மேல் பொறாமையில் வெந்துகொண்டிருந்தவன்.

ஒருமுறை லொறியின் பழைய வில்தகட்டை அடித்துப் பல் வெட்டி, மர இருக்கையில் பொருத்தி, தன் ஊர் முறையில் தேங்காய் துருவும் கருவி செய்தார். எங்கள் திருவலை போலத்தான். “எங்கே நிறுத்துவது என்று பல்லுக்குத் தெரிய வேண்டும்” என்பார். என் மனைவி அதைக் கேட்டு வாங்கினாள். இரண்டு நாள் கழித்து, “குறை நினைக்காதையுங்கோ. நீங்கள் செய்தது சிரட்டையையும் சேர்த்துச் சுரண்டும். இதிலை பூப்போல விழுது” என்றாள். அதுவரை பதினொரு வருடம் என் திருவலையில் துருவியும் அவள் ஒன்றும் சொன்னதில்லை.

கேள்விப்பட்டு அப்டன் பார்க்கிலிருந்தும் பெண்கள் வந்தார்கள். என்னைத் தாண்டி அவரிடம் போனார்கள். “அண்ணை, பல்லு கொஞ்சம் சின்னனா வேணுமெண்டு அவரிட்டச் சொல்லுங்கோ” என்றாள் ஒருத்தி. சொன்னேன்.

பிறகு ஒரு கோயில் மடைப்பள்ளிக்கு ஆறு திருவலைகள் தேவைப்பட்டன. நான் நிற்க, வேலை அவருக்குப் போனது. அவர் லீவில் நின்ற ஒரு நாள், பதம் ஏற்றி அடுக்கியிருந்த ஆறு அலகுகளையும் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலுக்குள் புதைத்தேன். மெல்ல ஆறினால் உருக்கு உறுதி இழந்து மெதுவாகிவிடும். பின்னேரம் கறுப்பைத் தேய்த்து, இருந்தபடியே அடுக்கினேன்.

திருவிழாவின் முதல் நாளே பற்கள் மடிந்தன. “நம்பித்தானே தந்தனாங்கள். இப்ப ஐயருக்கு என்ன சொல்லுறது?” என்று என்னிடம் கேட்டார் கோயில்காரர். ஹுவான் ஒரு பல்லில் அரத்தை இழுத்துப் பார்த்தார். அடுத்ததிலும் இழுத்தார்.

“பிழை என்னுடையது. நாளைக்குத் தருகிறேன்” என்றார்.

கோயில்காரர் போனபின் ஹுவான் என் உலையருகே வந்து நின்றார்.

“ஆறும் ஒரே அளவில் மெதுவாகியிருக்கின்றன. ஒரு பல்கூடத் தப்பவில்லை. இவ்வளவு சீராகச் சூடு பிடிக்க எனக்கு வராது.”

கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அவர் போய் ஆறையும் மறுபடி உலையில் வைத்தார். நான் உதவப் போகவில்லை.

அதன்பின் ஐந்து வருடம் ஒன்றாக வேலை செய்தோம். அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கோயிலாருக்கு இன்றுதான் சொல்கிறேன்: பிழை அவருடையதல்ல.

இறுதிச் சடங்கில் தேவாலயம் நிறைந்திருந்தது. பாதிப் பேர் எங்கள் பெண்கள். என்னுடைய செத்தவீட்டுக்கு இத்தனை பேர் வருவார்களா என்று அங்கேயும் எண்ணினேன்.

அவருடைய மொழியில் அந்தக் கருவியின் பெயர் கம்யோ. நான் செய்பவற்றையும் பெண்கள் அந்தப் பெயர் சொல்லியே கேட்கிறார்கள். “திருவலை எண்டு சொல்லுங்கோ” என்று இத்தனை காலமும் திருத்திவந்தேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தச் சொல்லைத்தான். நேற்று ஒரு பெண், “அண்ணை, ஒரு கம்யோ செய்து தர ஏலுமோ?” என்று கேட்டாள்.

“ஓம். கம்யோ செய்து தாறன்” என்றேன்.