மாடியில் காய்ந்த தோல்

எங்கள் வேலூர் வீட்டு சோலாரில் கரண்ட் கம்மியானதை போன் ஆப்பில் பார்த்தபோது, இன்வெர்ட்டர் செய்தவனைத்தான் திட்டினேன். என்னைக் கேட்டால், மெஷின் இரண்டே காரணத்தால் கெடும்: மட்டமான சரக்கு, மட்டமான ஆள்.

ஆம்பூரில் தோல் வியாபாரம் செய்யும் என் மச்சினன் இரண்டாவது ரகம். என் பேச்சைக் கேட்டு சோலார் போட்டவன், கரண்டே வரவில்லை என்று போனில் பேஜார் பண்ணினான். போய் மாடி ஏறினேன். பேனல் முழுக்க ஆட்டுத்தோல் காய்ந்துகொண்டிருந்தது.

"தோலுக்குத் தடவுற உப்ப உன் மண்டைக்குள்ள கொஞ்சம் போடு. செத்த மூளை நாறாம இருக்கும்" என்றேன், அவனுடைய ஆட்கள் முன்னாலேயே.

அவன் நிதானமாக ஒரு தோலைத் திருப்பிப் போட்டான்.

"உங்க பேனல்ல அக்கா வடகம் காயப்போடறதப் பார்த்துதான் மாமா நானும் போட்டேன். நீங்க மாடி ஏறினாத்தானே தெரியும். எல்லாத்தையும் போன்லயே பாக்கறவராச்சே."