லைன் வீட்டுக்கு ஒரு மீட்டர்

மூன்று வேலை பார்த்துவிட்டேன். முதலில் வக்கீல், பிறகு வானொலி அறிவிப்பாளர், இப்போது மின்சாரத்துக்கான அரசு ஆணையம் ஒன்றில் உறுப்பினர். மூன்று இடத்திலும் என் பொறுமையைச் சோதிக்காத ஆளை நான் பார்த்ததில்லை.

குன்னூர் கோர்ட்டில் என் சீனியர் வாய்தா வாங்க மட்டும்தான் என்னை அனுப்புவார். வாதாட எழுந்தால், "நீ உக்காரும்மா" என்று கட்சிக்காரர் முன்னாலேயே சொல்வார். வெறுத்துப்போய்த்தான் உள்ளூர் வானொலி ஒன்றில் சட்ட நிகழ்ச்சி நடத்தப் போனேன். எஸ்டேட் ஜனங்கள் ஆசையாகக் கேட்டார்கள். அங்கிருந்த அதிகாரிக்குத்தான் பயம். கம்பெனிகளைப் பற்றி ஒரு வார்த்தை வந்தால் போதும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டுவார்.

பிறகு அரசு என்னை ஆணையத்தில் போட்டது. சட்டம் தெரிந்த ஆளும் ஆச்சு, பேருக்கு ஒரு பெண்ணும் ஆச்சு. செய்தி தெரிந்த அன்றே கோயமுத்தூரிலிருந்து சித்தப்பா மகன் கூப்பிட்டான். "ஏனுங்கக்கா, நம்ம ஊட்டு மீட்டரு ரொம்ப ஓடுதுங்க. ஒரு வார்த்தை சொல்லி வைங்க." வாழ்த்துகூடச் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டேன்.

போன மழைக்காலத்தில் ஊட்டியில் பொது விசாரணை வைத்தோம். மேடையில் நடுவே தலைவர், ஒரு பக்கம் நான், மறுபக்கம் இன்னொரு உறுப்பினர். தலைவர் இருமினால் தானும் இருமுகிற மனிதர் அவர். காலை முழுக்க மசினகுடி ரிசார்ட்காரர்கள் கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்று அழுதார்கள். வெளியே நின்ற அவர்களுடைய ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்கு அழுகை வராது. தலைவர் அவர்களுக்கு டீ வரவழைத்தார்.

சாப்பாட்டு நேரம் நெருங்கும்போதுதான் தேவாலாவிலிருந்து வந்த ஒரு அம்மாவைக் கூப்பிட்டார்கள். சின்ன வயதில் சிலோனிலிருந்து வந்து, எஸ்டேட்டில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லைன் வீட்டைக் காலி செய்யவில்லை என்று எஸ்டேட் கம்பெனி அவர் வீட்டுக்கு மட்டும் கரண்டைத் துண்டித்திருந்தது. தனக்கென்று ஒரு மீட்டர் கேட்டு வந்திருந்தார். அவர் கணவருக்கு இளைப்பு நோய். மருந்தை ஆவியாக்கி மூச்சில் கொடுக்கும் மெஷினுக்குக் கரண்டு வேண்டும்.

"இளைப்பு வந்தா ரோட்டுக் கடைக்குத்தாம்மா கூட்டிட்டுப் போறேன். அங்கதான் மெஷின மாட்டணும். மழையில அவருக்கு நடக்க ஏலாது. கடயப் பூட்டிட்டா நான் என்னா செய்யுறது?"

சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். "நீங்க ரேடியோ அம்மாதானே? குடியிருக்கிறவங்க கேட்டா கரண்டு குடுக்கணும்னு நீங்கதான் சொன்னீங்க."

சொன்னேன். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. வீட்டின் சொந்தக்காரர் கேட்டாலும் சரி, குடியிருப்பவர் கேட்டாலும் சரி, இணைப்பு தர வேண்டும்.

கம்பெனி வக்கீல் எழுந்து, வீடு கம்பெனிக்குச் சொந்தம், எங்கள் சம்மதம் இல்லாமல் மீட்டர் வைக்க முடியாது என்றார். தலைவர் தலையாட்டினார். நான் சட்டப் பிரிவை எடுத்து வாசித்தேன். "மேடம், இது ரேடியோ இல்லை" என்றார் தலைவர். முன்வரிசையில் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இன்னொரு உறுப்பினரைப் பார்த்தேன். அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். இரண்டுக்கு ஒன்று. மனு தள்ளுபடி என்று தலைவர் இங்கிலீஷில் ஒரு வரி சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

நான் விடவில்லை. மைக்கை இழுத்து வைத்துக்கொண்டு என் எதிர்ப்பைத் தமிழில் சொன்னேன். கம்பெனியின் அடாவடியைச் சொன்னேன், நோயாளியை மழையில் நடக்கவிடும் அக்கிரமத்தைச் சொன்னேன், கரண்டு கொடுத்தே ஆக வேண்டும் என்று முடித்தேன். கோர்ட்டில் பேச விடாததையும் வானொலியில் தடுத்ததையும் சேர்த்துத்தான் கொட்டியிருப்பேன். அரங்கமே கைதட்டியது. ரிசார்ட்காரர்களும் தட்டினார்கள், அவர்களுக்கு என்ன நஷ்டம்? தலைவரின் முகம் தொங்கிப்போனதைப் பார்க்க எனக்குப் பரம சந்தோஷம்.

மேடையைவிட்டு இறங்கியபோது அந்த அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"நீங்க நல்லாயிருக்கணும்மா. மீட்டரு மாட்ட எப்ப வருவாங்க? அவருகிட்ட போய்ச் சொல்லணும்."