மாடிப்படியில் அடுக்கிய ஃபோம்

அண்ணன் வெளியே போய்விட்டு வந்தால் அண்ணி வாசலிலேயே கையை நீட்டுவாள். அவர் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து அந்தக் கையில் வைப்பார். "சுங்கச்சாவடி தாண்டாம வீட்டுக்குள்ள கால் வைக்க முடியுமா?" என்பார். எத்தனையோ வருடமாகப் பார்க்கிறேன், அண்ணி ஒரு நாளும் அதற்குச் சிரித்ததில்லை.

அண்ணனுக்கு சோபா தைக்கும் தொழில். கீழ்த்தளம் முழுக்கப் பட்டறை. ஃபோம் வெட்டுவது நான். ஒட்டுகிற பசை டின்னைத் திறந்தாலே கண் எரியும். அந்த நெடிக்கு அவர்கள் மகளுக்கு மூச்சு இழுக்கும் என்பதால் அவளை மாடியில் வைத்திருந்தோம். பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம், வயது பத்தொன்பது. பிறந்ததிலிருந்து கால் ஊன்றியதில்லை. கீழே இறங்க ஒரே ஒரு குறுகலான மாடிப்படி. இடம் போதாமல் அதிலும் சுவரோரமாக ஆள் உயரத்துக்கு ஃபோம் ஷீட்டுகளை அடுக்கியிருந்தோம்.

"படியில மட்டும் வேண்டாங்க. தீ கீ பிடிச்சா புள்ளைய எந்த வழியா தூக்கிட்டு ஓடுவேன்?"

"வாயைக் கழுவு. இத்தனை வருஷத்துல ஏதாவது ஆச்சா?"

போன மழைக்காலத்தில் ஆனது. தையல் மிஷினின் பிளக் பட்டென்று வெடித்து, தரையில் கிடந்த ஃபோம் துண்டில் பொறி விழுந்தது. உள்ளங்கை அகலத் துண்டுதான். அதற்கே பட்டறை முழுக்கக் கரும்புகை. அண்ணன் செருப்புக் காலால் மிதித்து அணைத்தார். "அவ்வளவுதான், இதுக்குப் போய்" என்று சொல்லிவிட்டுப் புது பிளக் வாங்கக் கிளம்பினார்.

அண்ணி மாடிக்குப் போய் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் பார்த்தாள். பாதிப் படியில் எதிர்ச் சுவருக்கும் அடுக்குக்கும் நடுவே இருவரும் சிக்கிக்கொண்டார்கள். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. "அம்மா, மூச்சு முட்டுதும்மா" என்று பாப்பா அழுதாள். நான் கீழிருந்து ஷீட் ஷீட்டாக உருவிய பிறகுதான் வெளியே வந்தார்கள்.

மகளைக் கட்டிலில் கிடத்திவிட்டு வந்த அண்ணி, அடுக்கிலிருந்தவற்றை இழுத்துத் தெருவில் எறியத் தொடங்கினாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணி, ஓட்டல் ஆர்டருக்கு வாங்கினது! அண்ணன் கொன்னுடுவார்!"

"கொல்லட்டும். நீயும் ஒரு கை பிடி."

பிடித்தேன்.

அண்ணன் திரும்பி வந்தபோது ஃபோமெல்லாம் தண்ணீர் குடித்து ஊறிக் கிடந்தது.

"உனக்குப் பைத்தியமாடி? இனி எல்லாரும் எதைத் திங்கிறது?"

"பட்டினி கிடந்தா அவ நாலு நாளாவது தாங்குவா. புகையில நாலு மூச்சு தாங்க மாட்டா."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஆர்டர் கைவிட்டுப் போனது. சில்லறை வேலைகள் வருகின்றன. அண்ணன் அண்ணியோடு பேசுவதில்லை. படி இப்போது காலியாக இருக்கிறது. பசை டின்கள் இன்னும் கீழேதான் இருக்கின்றன, வைக்க வேறு இடமில்லை. அண்ணி தினமும் ஒரு தடவை பாப்பாவைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் பார்க்கிறாள். நடுவில் இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருக்கிறது.